மேட்டில் விட்டுப்போன ஒன்பது

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் சுகம். அங்கே நீயும் உன் பத்து விரல்களும் சுகம்தானா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அம்மா இருந்தவரை நடுவில் புகுந்து போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். அவள் போய் ஒரு வருடமாகிறது, பிடுங்க ஆளில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் லெட்டர்ல எழுது. படிச்சிட்டு ஆற அமரக் கோவப்பட்டுக்கறேன்" என்று போன வாரம் போனை வைத்தாயே, அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துக் கிண்டல் செய்யாதே.

முழங்கால் சேதிக்கு வருகிறேன். மூன்று மாதமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கல்லூரி டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. மனசுல ஏதோ இருக்கு. அதை என்கிட்ட சொல்ல வேணாம். காலைல எழுந்து மெதுவா ஓடு" என்றார். மனசில் என்ன இருக்கப்போகிறது, கடைசி வருடம், படிப்புச் சுமை, அவ்வளவுதான்.

ஓடுவதற்கு இடம் வேண்டுமே. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இந்த வட்டாரத்திலேயே திறந்த வெளி என்றால் அதன் மைதானம்தான். தலைமையாசிரியை வாசலிலேயே மடக்கிவிட்டார். "இது ஸ்கூல் கிரவுண்டு, பார்க் இல்ல. ஸ்கூலுக்கு ஏதாவது உபயோகம்னா உள்ள வரலாம். நீ என்ன செய்வே?" என்றார். பாடம் சொல்லித் தருகிறேன் என்றேன். "கணக்கு வருமா?" என்றார். வரும் என்றேன். ஐந்தாம் வகுப்பில் தேறாமல் தங்கிவிட்ட ஆறு பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டார். அக்டோபரில் அவர்களுக்குக் கணக்கு மறுதேர்வாம். அதில் விட்டால் ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு, அதிலும் விட்டால் பெயரை அடித்து வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம்.

இன்று முதல் நாள். ஒரு சுற்று ஓடினேன். அரைச் சுற்று என்று சொன்னால் பொய் இல்லை.

உன் தங்கை,
வாலு

ஜூன் 28

அன்புள்ள வாலுக்கு,

பத்து விரல்களும் இருக்கின்றன, காலையில்தான் எண்ணினேன். வலது சுண்டுவிரல் மட்டும் தன் இஷ்டத்துக்கு வேலைக்கு வருகிறது. உன் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அது கையெழுத்தா, கோழி நடந்ததா என்று நானும் என் ஜோடிக்காரனும் பந்தயம் கட்டினோம்.

நீ கேட்டதில்லை, நானாகச் சொல்கிறேன். இந்தக் குளிர்கிடங்கில் உள்ளே மைனஸ் இருபது. நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே. இப்படி ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது, ஜோடியாகத்தான். உள்ளே போனால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதையாவது பேசு, உளறு, திட்டு, ஆனால் வாயை மூடாதே. குளிர் முதலில் நாக்கைத்தான் பிடிக்கும். ஜோடிக்காரன் பேச்சு குழறினாலோ பேசாமல் போனாலோ, ஏன் எது என்று கேட்காமல் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும். என் ஜோடிக்காரனை எல்லாரும் ரேடியோ என்கிறார்கள். அவனை இழுக்க வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

ஓடுவதற்கும் அதுதான் அளவு. பேசிக்கொண்டே ஓட முடிந்தால் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் குறைத்துக்கொள். முதல் நாளே குதிரை மாதிரி ஓடிவிட்டு நான்காம் நாள் படுக்கையில் கிடக்காதே.

வேலை எப்போதும்போல. ஒரு அடுக்குக்குப் பதிமூன்று பெட்டி, எட்டு அடுக்கு. நூற்று நான்கு ஆனதும் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தள்ள வேண்டும். மறுபடியும் பதிமூன்று, மறுபடியும் எட்டு. ஒன்பது வருடமாக இதுதான். தூங்கும்போதுகூடக் கை அடுக்குகிறது. அலுப்பாக இருக்கிறது வாலு, வேறென்ன சொல்ல.

படிப்பு எப்படிப் போகிறது? அதைப் பற்றி ஒரு வரியும் காணோமே.

அண்ணன்

ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால்கள் சுகம், மூச்சு மட்டும் கொஞ்சம் தகராறு. உன் சுண்டுவிரலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

ஆறு பிள்ளைகளையும் உனக்குக் காட்ட வேண்டும். ஒருத்தி வாயைத் திறந்தால் கேள்விதான், அதனால் அவள் பெயர் கேள்வி. ஒருத்தி தினமும் நான் மூட்டை கட்டும் நேரத்துக்கு ஓடிவருவாள், அவள் லேட்டு. அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டுத்தான் அவள் வர முடியும். திட்டினால் ஒரு வார்த்தை பேச மாட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மற்ற நான்கு பேரும் ஒரே கும்பல், ஒருத்தன் சிரித்தால் நான்கு பேரும் சிரிப்பார்கள்.

உட்கார வைத்துப் பாடம் சொன்னால் ஒன்றும் ஏறவில்லை. அந்த நேரத்துக்கு எனக்கே கொட்டாவி வருகிறது. ஒரு நாள் நான் ஓடும்போது கேள்வி பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா, வாய்ப்பாட்டை ஓடிக்கிட்டே சொன்னா என்ன?" என்றாள். நீ சொன்னது ஞாபகம் வந்தது. பேசிக்கொண்டே ஓடு என்றாயே, பேசுவது வாய்ப்பாடாக இருந்தால் என்ன? இப்போது ஏழு பேரும் ஓடுகிறோம். நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஒரு மேடு. அங்கே மட்டும் எல்லாருக்கும் நாக்கு தள்ளிவிடும். ஆறாம் வாய்ப்பாடு முடிந்தது, ஏழு நடக்கிறது. மூன்று சுற்று ஓடுகிறேன் இப்போது!

ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறது. ஹாஸ்டல் சாப்பாடு எப்போதும்போலத்தான். ஜன்னல் கொக்கி உடைந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

வாலு

ஆகஸ்ட் 10

அன்புள்ள வாலுக்கு,

சுண்டுவிரல் உன் விசாரிப்பை ஏற்றுக்கொண்டது. நான் ஏதோ இருக்கிறேன்.

உன் கடிதத்தைக் குளிர் அறைக்குள் வைத்து ரேடியோவுக்குப் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, உன் தங்கச்சி வாத்தியாரம்மா ஆயிட்டா" என்றான். கணக்கு என்றால் வயிற்றுவலி வருகிற பெண் அவள் என்றேன். அதற்கு அவன், "அதான் நல்லா சொல்லித் தருவா. வழி தவறினவளுக்குத்தான் எங்கெங்க தவறும்னு தெரியும்" என்றான். எப்போதாவது இப்படி உருப்படியாகவும் பேசுவான்.

ஒரு காரியம் செய். போன வருட மார்க் ஷீட்டை நகல் எடுத்து அனுப்பு. எல்லாம் பாஸ் என்று போனில் சொன்னாய், காகிதத்தில் பார்த்ததில்லை. இந்த நவம்பரோடு உன் படிப்பு முடிகிறதல்லவா? மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். டிசம்பரில் சொல்கிறேன், இப்போது கேட்காதே.

நேற்று வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன், விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வெந்நீர்ப் பையை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பயப்படாதே, பிரிந்துவிட்டன.

அண்ணன்

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கும்போது இதைப் படி. உள்ளே போவதற்கு முன்னால் படிக்காதே.

போன வாரம் லேட்டு தன் கணக்குத் தாளை மைதானத்து மதில் இடுக்கில் செருகி வைத்ததைப் பார்த்துவிட்டேன். நூற்றுக்கு ஒன்பது. "வீட்ல காட்டலையா? மறைச்சா தப்பு சரியாயிடுமா?" என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். அவள் எப்போதும்போல வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கேள்விதான், "அக்கா, நீங்க ஒண்ணும் மறைச்சதே இல்லையா?" என்று கேட்டாள். ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். கட்டின நாடாவையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

மறைத்திருக்கிறேன் அண்ணா. போன வருடம் இரண்டு கணக்குப் பேப்பரிலும் நான் ஃபெயில். அம்மா நம்மை விட்டுப்போன வருடம் அது, ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை, எனக்கு அடித்தளமே ஆட்டம். நீ போனில் கேட்டபோது உன் குரல் அவ்வளவு களைத்திருந்தது. பாஸ் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த இரண்டு அரியரையும் ஏப்ரலில்தான் திரும்ப எழுத முடியும். ஆகவே நவம்பரில் என் படிப்பு முடியாது. டாக்டரம்மா சொன்ன அந்த மனசில் இருக்கும் விஷயம் இதுதான்.

எனக்குத் தெரியாததை மறைத்துக்கொண்டே மேலே மேலே கட்டியதால் வந்த வினை. இப்போது பிள்ளைகளோடு அடியிலிருந்து படிக்கிறேன். பதிமூன்றாம் வாய்ப்பாடு எனக்கே சரியாகத் தெரியாது. புத்தகத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட ஓட மனப்பாடம் செய்தேன். மேட்டில் ஏறும்போது எட்டுப் பதிமூணு நூத்திப் பதினேழு என்று முடிப்பதற்குள் உயிர் போய்விடும். அப்புறம் இறக்கம், பத்துப் பதிமூணு நூத்தி முப்பது தானாக வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஐந்து சுற்று ஓடுகிறேன்.

திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல். மார்க் ஷீட் நகல் இதோடு இருக்கிறது.

வாலு

செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? விரல்கள்?

என் கடிதம் வந்ததா? தபால் தவறிவிட்டதோ என்று ஒரு நினைப்பு. தவறவில்லை என்று இன்னொரு நினைப்பு. இங்கே ஒன்றும் விசேஷமில்லை. ஓடுகிறோம்.

வாலு

அக்டோபர் 17

அண்ணா,

வருகிற இருபத்தேழாம் தேதி பிள்ளைகளுக்குப் பரீட்சை. நன்றாகச் சொல்கிறார்கள். லேட்டுகூட ஒரு வாரமாக நேரத்துக்கு வருகிறாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து மேட்டில் உட்கார வைத்துவிடுகிறாள்.

தினமும் ஹாஸ்டல் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். காவலாளிக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது போல. இன்று நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஒரு வரி போதும். "நீ ஒரு கழுதை" என்றாவது எழுது.

வாலு

நவம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் உன் பட்டாளமும் நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணனோடு குளிர் அறையில் ஜோடி போடுகிறவன் எழுதுகிறேன், ரேடியோ. உன் விலாசத்தை அவன் தலையணை உறைக்குள் இருந்த கவரிலிருந்து எடுத்தேன். திருட்டுத்தான், இருக்கட்டும்.

இரண்டு மாதமாக உன் அண்ணன் உள்ளே பேசுவதில்லை. நான் பத்து வார்த்தை பேசினால் "ம்" என்கிறான். ம்-ஐ வைத்துக்கொண்டு ஒருத்தனுக்கு நாக்கு இருக்கிறதா உறைந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை இழுத்து வெளியே போட்டேன். முதல் தடவை என்னைத் தள்ளினான். இரண்டாவது தடவை தள்ளவில்லை, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. சுண்டுவிரல் வெளுத்துப்போய் இருந்தது, டாக்டர் காப்பாற்றிவிட்டார்.

இன்னொன்று. இதை நான் சொன்னதாகச் சொல்லாதே, என்னைக் கொன்றுவிடுவான். ஆகஸ்டில் அவன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தான். டிசம்பர் இருபதோடு கிளம்புவதாக இருந்தான். உன் படிப்பு முடிந்துவிடும், வீட்டுப் பக்கம் ஏதாவது சின்ன வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், இனிமேல் இந்தக் குளிர் வேண்டாம் என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டேன். "ம்" என்றான்.

நீங்கள் இரண்டு பேரும் என்ன வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். ஆனால் சத்தமாகப் போடுங்கள் தாயே.

ரேடியோ

நவம்பர் 8

வாலுக்கு,

பத்து விரல்களும் இருக்கின்றன. அதில் ஒன்று ரேடியோ போட்ட பிச்சை.

நேற்று வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அவன், "நீ என்கிட்ட பேச வேணாம்டா. யார்கிட்ட பேசணுமோ அங்க பேசு" என்றான். அதனால் எழுதுகிறேன்.

நீ ஃபெயில் ஆனதற்கு இவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு வருடமாக நான் உன் பொய்யை நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான் வந்தது. அது ஆறியிருக்கும். அதைவிட மோசமான ஒரு காரியம் செய்துவிட்டேன், அதுதான் ஆறவில்லை.

எட்டுப் பதிமூணு நூத்திப் பதினேழு இல்லை. நூத்தி நாலு. நூத்திப் பதினேழு என்பது ஒன்பது பதிமூணு. ஒன்பது வருடமாகக் கையால் அடுக்குகிற கணக்கு, எனக்குத் தெரியாதா? உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்த உடனேயே கண்ணில் பட்டுவிட்டது. ஜூன் கடிதத்தில் நானே எழுதியிருக்கிறேன், எட்டு அடுக்கு நூற்று நான்கு என்று. உடனே ஒரு வரி எழுதியிருக்கலாம். "காலேஜ் படிக்கிறவதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்" என்று கறுவிக்கொண்டு படுத்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி பரீட்சை என்று நீ எழுதியதையும் படித்தேன். நாலைந்து நாள் இருந்தது, ஒரு போன் போதும். அப்போதும் எழுதவில்லை. உன் மேல் கோபம், விழுந்தது பிள்ளைகள் தலையில்.

நீயாகக் கண்டுபிடித்துத் திருத்தியிருப்பாய் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தினாயா?

அண்ணன்

நவம்பர் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுத வரவில்லை. களைப்பு. உன் சுண்டுவிரல் பிழைத்ததே, அது போதும்.

திருத்தவில்லை. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஆறு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேசையில் ஆறு தாள்கள். "எட்டு வரிசை, வரிசைக்குப் பதிமூணு நாற்காலி. இதுக்கு ஆறு பேரும் நூத்திப் பதினேழுன்னு எழுதியிருக்காங்க. ஆறு பேரையும் தள்ளித் தள்ளித்தான் உட்கார வெச்சேன். சரியா எழுதினா படிச்சதுன்னு வெச்சுக்கலாம். ஒரே தப்பை ஆறு பேரும் எப்படி எழுதுவாங்க? காப்பி அடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் பூஜ்யம் போட்டுப் பேரை எடுத்துடப் போறேன்" என்றார்.

"மிஸ், இதுல எங்க தப்பு? சரியாத்தானே இருக்கு" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எட்டுப் பதிமூணு எவ்வளவும்மா?"

"நூத்திப் பதினேழு" என்றேன். டக்கென்று, யோசிக்காமல்!

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பெருக்கிப் பார்த்தேன். நூத்தி நாலுதான் வந்தது. அவர் இன்னும் கோபமாகி, "அப்போ நீதான் விடையை எழுதிக் கொடுத்திருக்கே. வெளியாளை உள்ள விட்டது என் தப்பு" என்றார். இல்லை என்று சொன்னால் நம்புகிற முகமாக இல்லை. எப்படி ஏழு பேர் வாயிலும் அது வந்தது என்று எனக்கே அப்போது விளங்கவில்லை. கேள்விதான் சுவரோரத்திலிருந்து, "மிஸ், ஓடிக் காட்டட்டுமா?" என்றாள்.

ஓடினோம் அண்ணா. அவர் தொட்டிப் பக்கம் நின்றார். ஒரு பதிமூணு, ரெண்டு பதிமூணு என்று ஆரம்பித்து ஏழு பேரும் ஒரே குரல். ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு வரை சரி. மேடு வந்தது. "எட்டுப் பதிமூணு" என்றோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு அடி வைத்தோம். "நூத்திப் பதினேழு" என்றோம். இறக்கம். "பத்துப் பதிமூணு நூத்தி முப்பது!"

தலைமையாசிரியை கையைத் தூக்கி நிறுத்தினார். "நூத்தி நாலு எங்கே? ஒன்பது பதிமூணு எங்க போச்சு?"

கேள்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, "மிஸ், அது மேட்டுல மூச்சு வாங்கற இடம்" என்றாள்.

முதன்முதலில் நான் விழுங்கியதை அவர்கள் அப்படியே விழுங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக ஒன்பது இல்லாத ஒரு வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு அந்த மைதானத்தைச் சுற்றியிருக்கிறோம். தலைமையாசிரியை சிரிக்கவில்லை, ஆனால் பேரை எடுப்பதாக மறுபடியும் சொல்லவில்லை. உள்ளே போய் நானாகவே சொன்னேன், "பிள்ளைங்க மேல தப்பில்ல மிஸ். கணக்கு வரும்னு உங்ககிட்ட சொன்னது பொய். ரெண்டு பேப்பர் அரியர்." அவர் மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பிறகு, "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி எழுதவில்லை, அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

காப்பி அடித்த பழி போய்விட்டது. ஆனால் தப்பு தப்புதானே, அந்தக் கணக்குக்கு இரண்டு மார்க், அது யாருக்கும் கிடையாது. ஐந்து பேர் தேறிவிட்டார்கள்.

லேட்டு தேறவில்லை. தேற முப்பத்தைந்து வேண்டும். அவள் வாங்கியது முப்பத்து மூன்று.

இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆறு பேரும் பாஸ் என்று எழுதினால் நீ நிம்மதியாகத் தூங்குவாய். ஆனால் அதே வேலையைத்தான் போன வருடம் செய்தேன். இனிமேல் முடியாது. அதே காரணத்தால் ரேடியோ அண்ணனுக்கும் துரோகம் செய்கிறேன், அவரைத் திட்டாதே. நீ டிசம்பரில் வர இருந்தது எனக்குத் தெரியும். என்னால்தான் வரவில்லை என்றும் தெரியும். மன்னிப்புக் கேட்டால் அந்தக் குளிர் குறையுமா? ஆனாலும் கேட்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு வரி அண்ணா. ஒரே ஒரு வரி. நீதானே சொன்னாய், உள்ளே போனால் வாயை மூடாதே, திட்டியாவது பேசு என்று?

ஏப்ரலில் லேட்டுக்குக் கடைசி வாய்ப்பு. எனக்கும் ஏப்ரல்தான். மைதானத்துக்கு வரலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வாய்ப்பாடு மட்டும் மேட்டில் நின்று, மூச்சு வாங்கிவிட்டுச் சொல்ல வேண்டுமாம். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஓடுகிறோம். அவள் பேசுவதில்லை. ஆனால் வருகிறாள்.

வாலு

டிசம்பர் 20

அன்புள்ள வாலுக்கு,

விரல்கள் பத்து. நீயும் முழங்கால்களும் சுகமா?

இன்று நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நாள். காலையில் எழுந்து வேலைக்குத்தான் போனேன். ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முப்பத்து மூன்று மார்க் வரைக்கும். கேட்டுவிட்டு அவன் வாயே திறக்கவில்லை. கடைசியில் நான் அவனை இழுத்து வெளியே போட வேண்டியதாகிவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

நீ ஒரு கழுதை. கேட்டாயே, எழுதிவிட்டேன். நான் அதைவிடப் பெரிய கழுதை. ஏப்ரல் வரை இங்கே இருப்பேன், அதற்காக அழாதே, எனக்கு அழுகையைப் படிக்கத் தெம்பில்லை. கணக்கைப் படி. புரியாததை எழுதி அனுப்பு. எனக்கும் புரியாது, ஆனால் அனுப்பு. கோபமாக இருந்தால் அன்றைக்கே எழுதுவேன்.

இதோடு இருக்கும் சின்னக் காகிதத்தை அந்தப் பிள்ளையிடம் கொடு. நீ படித்துவிட்டுக் கொடுக்கலாம்.

அண்ணன்

*

லேட்டுக்கு,

நீயும் உன் தம்பியும் நலமா? உன் அக்காவுடைய அண்ணன் எழுதுகிறேன். எட்டுப் பதிமூணு நூத்தி நாலு. பரீட்சைக்கு ஆறு வாரம் முன்பே உங்கள் வாய்ப்பாட்டில் தப்பு இருப்பது எனக்குத் தெரியும். உன் அக்கா மேல் கோபம், அதனால் சொல்லவில்லை. கோபம் உன் மேல் இல்லை. ஆனால் போனது உன்னுடைய இரண்டு மார்க். நீ எழுதிய தப்பில் நீ செய்த தப்பு எதுவுமில்லை. நான் பெரியவன், நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்.

ஜனவரி 11

அண்ணாவுக்கு,

நான் நலம். தம்பிக்குச் சளி. நீங்க நலமா?

உங்க காகிதத்தை நாலு தடவை படிச்சேன். எட்டுப் பதிமூணு நூத்தி நாலு. ஒன்பது பதிமூணு நூத்திப் பதினேழு. நான் இப்ப மேட்டுல நின்னு சொல்றேன்.

முப்பத்தி மூணு வாங்கினதுக்கு வீட்ல அடி விழுந்தது. கேள்வியும் மத்த நாலு பேரும் மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் இங்க இருக்கேன். உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு படிச்சதும் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. இன்னும் இருக்கு.

எனக்குக் கோபம் வந்தா நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். பேசினாத்தான் குளிர் பிடிக்காதுன்னு அக்கா சொன்னாங்க. அதனால கோபமா இருக்கும்போதே எழுதறேன். நீங்க பதில் போடுங்க.

இப்படிக்கு,
லேட்டு